ஒரே நாற்றங்கால், வேறு வேறு வயல்கள்: ஆங்கிலேயக் குடியேற்றங்கள் ஏன் ஒன்றுபோல் வளரவில்லை?

1635-ஆம் ஆண்டு லண்டன் துறைமுகத்தில் ஒரு பதிவேடு எழுதினார்கள். கடல் தாண்டிப் போகிறவர் யார், வயது என்ன, எந்தக் கப்பல், எந்தக் காலனி என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிய பதிவேடு. அது இன்றும் இருக்கிறது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் லண்டனிலிருந்து அமெரிக்கப் பக்கத்துக் காலனிகளுக்குக் கப்பல் ஏறியவர்கள் ஏறத்தாழ 4,900 பேர். சுமார் 2,000 பேர் வர்ஜீனியாவுக்கு, 1,100-க்கும் மேல் நியூ இங்கிலாந்துக்கு (மாசசூசெட்ஸும் அதைச் சுற்றிய வடக்குக் காலனிகளும்), ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கரீபியன் கடலில் உள்ள பார்படோஸ் தீவுக்கு.

எல்லோரும் ஒரே துறைமுகத்தில் ஏறியவர்கள். அநேகமாக எல்லோருக்கும் ஒரே மொழி, ஒரே மன்னர். ஆனால் பக்கங்களைப் புரட்டினால் ஒரு வித்தியாசம் கண்ணில் படும். வர்ஜீனியா போகிற கப்பல் என்றால் இருபது வயதை ஒட்டிய ஆண்கள், துணைக்கு யாரும் இல்லாமல், வரிசையாக. பெண் பெயர் எப்போதாவதுதான் வரும். நியூ இங்கிலாந்து போகிற கப்பல் என்றால் புருஷன், மனைவி, அடுத்தடுத்துப் பிள்ளைகள், கூடவே வீட்டு வேலைக்கு ஓர் ஆள்.

நூறு வருஷம் கழித்துப் பார்த்தால் இந்த வித்தியாசம் மலையளவு ஆகியிருக்கிறது. வர்ஜீனியாவில் ஆற்றங்கரை நெடுகப் பெரிய புகையிலைத் தோட்டங்கள், அவற்றில் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்க அடிமைகள். ஊர் என்று காட்ட ஒன்றிரண்டுதான் உண்டு. மாசசூசெட்ஸில் நெருக்கமான சிற்றூர்கள், நடுவில் சபைக்கூடம், பக்கத்தில் பள்ளிக்கூடம். பார்படோஸிலோ கரும்பும் ஆலையும் தவிர வேறெதற்கும் இடமில்லை.

ஒரே நாற்றங்காலில் பறித்த நாற்று எப்படி இப்படி வேறு வேறாக விளைந்தது? பள்ளிப் பாடத்தில் இதை "13 காலனிகள்" என்று ஒரே வரியில் கடந்துவிடுகிறோம். அந்த ஒற்றை வரி எனக்கு எப்போதும் உறுத்தும். 13 என்ற கணக்கே, அமெரிக்கா சுதந்திரம் அறிவித்த 1776-இல் நின்றுகொண்டு பின்னால் திரும்பிப் பார்த்துப் போட்டது. பார்படோஸ் அந்தக் கணக்கில் வராது. ஆனால் அதை விட்டுவிட்டால் தென் கரோலினா புரியவே புரியாது.

ஒரு குடியேற்றம் எப்படிப்பட்ட சமூகமாகும் என்று பார்க்க எனக்கு நாலு கேள்விகள் உதவுகின்றன. வந்தது யார்? அந்த மண்ணில் விளைந்து சந்தையில் விலைபோனது எது? நிலம் எப்படிப் பங்கானது? உழைத்தது யார்? இந்த நாலும் தனித்தனியாக நிற்பதில்லை; ஒன்று மற்றொன்றை இழுத்துவரும். கடைசிக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் மற்ற மூன்றையும் விழுங்கியது என்பது என் கருத்து.

புகையிலையின் பின்னால் போன வர்ஜீனியா

1607 மே மாதம் ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்கள் 104 ஆண்களும் சிறுவர்களும். பெண் ஒருத்திகூட இல்லை. அனுப்பியது வர்ஜீனியா கம்பெனி. லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டி, லாபம் எதிர்பார்த்து நடந்த வியாபாரம் அது. நமக்கு நன்றாகத் தெரிந்த கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் ஆளுநர் தாமஸ் ஸ்மைத்தான் இந்தக் கம்பெனியின் நிர்வாகத்துக்கும் தலைமை வகித்தவர். அதே லண்டன் வணிகர்கள், அதே முதலீட்டுப் புத்தி. தங்கம் கிடைக்கும் என்று நம்பினார்கள், கிடைக்கவில்லை.

தேர்ந்தெடுத்த இடமோ சதுப்பு நிலம். கோடையில் ஆற்று நீரில் உப்பேறிவிடும். வயிற்றுக்கடுப்பும் டைபாய்டும் ஆட்களை வாரிக்கொண்டு போயின. 1609–10 குளிர்காலத்துக்கு "பட்டினிக் காலம்" என்றே பெயர். நூற்றுக்கணக்கானவர்களில் வசந்தம் வரைக்கும் உயிரோடு இருந்தவர்கள் 60 பேர் அளவுக்குத்தான். 2012-இல் அந்தக் கோட்டை இருந்த இடத்தைத் தோண்டியபோது, குப்பைக் குழி ஒன்றில் நாய், குதிரை எலும்புகளோடு ஒரு சிறுமியின் மண்டையோடும் கிடைத்தது. வயது 14 இருக்கும். நெற்றியில் கத்தி வெட்டின் தடங்கள், தயங்கித் தயங்கி வெட்டியது போல. ஆராய்ச்சியாளர்கள் அவளுக்கு ஜேன் என்று பெயர் வைத்தார்கள். இறந்த பிறகு அவள் உடல் உணவாகியிருக்கிறது. ஒரு பேரரசின் தொடக்கம் என்று பாடநூலில் வரும் இடத்தின் உண்மை நிலை இதுதான்.

காலனியைப் பிழைக்கவைத்தது புகையிலை. 1612 வாக்கில் ஜான் ரால்ஃப் என்பவர் கரீபியன் பக்கத்துப் புகையிலை விதையை நட்டுப் பார்த்தார். அது லண்டன் சந்தையில் நல்ல விலைக்குப் போனது. அவ்வளவுதான், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜனங்கள் புகையிலை போட ஆரம்பித்தார்கள்.

புகையிலை போட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் பாடு தெரியும். நாற்றுவிட்டு, பறித்து நட்டு, களை எடுத்து, நுனி கிள்ளி, பக்கக் கொழுந்து ஒடித்து, புழு பொறுக்கி, வெட்டி, தொங்கவிட்டுப் பதப்படுத்தி, பீப்பாயில் அடைக்கிற வரை கை ஓயாது. மூன்று நாலு போகத்தில் மண்ணின் சத்தும் போய்விடும். அப்புறம் புதுக்காட்டைத் திருத்த வேண்டும். ஆக, இந்தப் பயிர் இரண்டே இரண்டைக் கேட்டது: நிறைய நிலம், நிறைய ஆள்.

இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டினார்கள். 1618-இல் கம்பெனி ஒரு விதி கொண்டுவந்தது: ஓர் ஆளுக்குக் கப்பல் கட்டணம் செலுத்திக் கூட்டிவந்தால் உங்களுக்கு 50 ஏக்கர். வந்த ஆள் கட்டணத்துக்கு ஈடாக நாலிலிருந்து ஏழு வருஷம் உழைக்க வேண்டும். அதாவது கையில் பணம் இருப்பவர் பத்துப் பேரை இறக்கினால் 500 ஏக்கரும் கிடைக்கும், அந்தப் பத்துப் பேரின் உழைப்பும் கிடைக்கும். ஒப்பந்தக் கூலி என்ற சொல் நமக்குப் புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் மொரிஷியஸுக்கும் நேட்டாலுக்கும் ஃபிஜிக்கும் தமிழர்களைக் கப்பலேற்றிய முறையின் மூத்த வடிவம் இது. 1635-இல் ஜார்ஜ் மெனிஃபி என்ற வர்ஜீனியா வணிகர் இப்படி நிலம் கேட்டுக் கொடுத்த ஆள் பட்டியலில் ஒரு பெயர் "டோனி, கிழக்கிந்தியன்". இந்தியக் கடல் பக்கத்திலிருந்து லண்டன் வந்து, அங்கிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டிய ஒரு மனிதர், 50 ஏக்கருக்கான ஆதாரமாக ஒரு காகிதத்தில் நிற்கிறார்.

இப்போது சமூகம் எப்படி அமைந்தது என்று பாருங்கள். ஜேம்ஸ், யார்க், ரப்பஹானக், பொட்டோமாக் என்று கப்பல் நுழையும் ஆழத்தோடு ஆறுகள் உள்ளே வரை ஓடுகின்றன. லண்டன் கப்பல் தோட்டக்காரரின் சொந்தப் படகுத்துறைக்கே வந்து பீப்பாயை ஏற்றிக்கொண்டு, துணியையும் கருவிகளையும் இறக்கிவிட்டுப் போகும். பிறகு கடைத்தெரு எதற்கு? ஊர் எதற்கு? ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே மைல் கணக்கில் காடு. பள்ளிக்கூடம் வைத்தால் எந்தப் பிள்ளை நடந்துவரும்?

1630-களின் நடுவில் வந்து இறங்கியவர்களில் ஆறு ஆணுக்கு ஒரு பெண் என்ற அளவுதான். பலருக்குக் கல்யாணமே ஆகவில்லை. ஆனவர்களுக்கும் ஆயுசு கெட்டியில்லை. மலேரியா போன்ற காய்ச்சலைத் தாங்கி முதல் கோடையைக் கடப்பதையே ஒரு கண்டம் தாண்டுவதாகப் பேசினார்கள். பெற்றோரில் ஒருவரையாவது சின்ன வயதிலேயே இழந்த பிள்ளைகள் ஏராளம். விதவை சீக்கிரமே மறுமணம் செய்வாள். அவள் கையில் நிலமும் இருக்கும், மாப்பிள்ளை கிடைப்பதும் எளிது. மாற்றாந்தாய், மாற்றாந்தகப்பன், மூன்று கல்யாணத்துப் பிள்ளைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருப்பது சாதாரணம். தாத்தா பாட்டியைக் கண்ணால் பார்த்த பிள்ளைகள் அபூர்வம். 17-ஆம் நூற்றாண்டு முழுக்க வர்ஜீனியா, மேரிலாந்து பக்கம் வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1700-இல் அங்கே இருந்த மொத்த ஜனத்தொகை அதைவிடக் குறைவு. இந்த இரண்டு எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது மனசு கனக்கிறது.

கறுப்பு, வெள்ளை என்று சட்டம் பிரித்த விதம்

1619 ஜூலையில் ஜேம்ஸ்டவுன் தேவாலயத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் கூடினார்கள். ஆங்கில அமெரிக்காவின் முதல் சட்டசபை. சில வாரங்களில், ஆகஸ்டில், ஒயிட் லயன் என்ற கப்பல் இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கொண்டுவந்து உணவுப் பொருளுக்கு ஈடாக விற்றுவிட்டுப் போனது.

பலரும் அன்றைக்கே அடிமைச் சமூகம் முழு வடிவில் வந்துவிட்டதாக நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அது சட்டமாகக் கெட்டிப்பட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1621 வாக்கில் "அந்தோனியோ" என்ற பெயரோடு வந்த ஆப்பிரிக்கர் ஒருவர் பிற்பாடு விடுதலை பெற்று, ஆந்தனி ஜான்சன் ஆகி, 1651-இல் 250 ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார். அந்தக் கதவு சிறிது காலம் திறந்துதான் இருந்தது.

மூடத் தொடங்கியதை ஒரே ஒரு வழக்கில் பார்க்கலாம். 1640-இல் ஒரு முதலாளியிடமிருந்து மூன்று வேலையாட்கள் சேர்ந்து தப்பி ஓடினார்கள். ஒருவர் டச்சுக்காரர், ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர், மூன்றாமவர் ஜான் பஞ்ச் என்ற ஆப்பிரிக்கர். மூவரும் பிடிபட்டார்கள். மூவருக்கும் 30 கசையடி. வெள்ளையர் இருவருக்கும் முதலாளியிடம் கூடுதலாக ஒரு வருஷம், பிறகு காலனிக்கு மூன்று வருஷம் வேலை. ஜான் பஞ்சுக்கு மட்டும் ஆயுள் முழுக்க. ஓடியது ஒன்றாக, அடி வாங்கியது ஒன்றாக. தீர்ப்பு மட்டும் தனியாக. 1662-இல் வந்த சட்டம் பிள்ளையின் நிலை தாயின் நிலைப்படி என்றது. அடிமைப் பெண் பெற்ற பிள்ளைக்கு அப்பன் முதலாளியே ஆனாலும் பிள்ளை அடிமைதான். 1667-இல் ஞானஸ்நானம் பெற்றாலும் விடுதலை இல்லை என்றார்கள்.

இதற்கிடையே ஒப்பந்தக் காலம் முடிந்து வெளியே வந்த வெள்ளை இளைஞர்களுக்கு நல்ல நிலம் கிடைக்கவில்லை. ஆற்றங்கரையெல்லாம் பெரியவர்கள் கையில். எல்லைப்புறம் போனால் அது பூர்வகுடிகளின் மண். 1676-இல் நதானியேல் பேக்கன் என்ற தோட்டக்காரர் தலைமையில் கலகம் வெடித்தது. பேக்கன் ஏழைகளின் தோழர் என்று சொல்லிவிட முடியாது. பூர்வகுடிகளை, நட்பாக இருந்தவர்கள் உட்பட, கொன்று விரட்ட வேண்டும் என்பதுதான் அவர் கோரிக்கை. ஆனால் கலகத்தில் விடுதலையான வேலையாட்கள், ஒப்பந்தக் கூலிகள், கறுப்பின அடிமைகள் எல்லோரும் சேர்ந்து ஆயுதம் தூக்கினார்கள். ஜேம்ஸ்டவுனையே கொளுத்தினார்கள். பேக்கன் வயிற்றுப்போக்கில் செத்த பிறகும் கடைசிவரை சரணடைய மறுத்த கூட்டத்தில் 80 கறுப்பர்களும் 20 ஆங்கிலேயரும் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு தோட்டங்கள் அடிமை உழைப்புக்கு வேகமாகத் திரும்பின. கலகம் ஒன்றே காரணம் என்பது சரியல்ல. இங்கிலாந்தில் கூலி உயர்ந்து ஒப்பந்தத்துக்கு வரும் ஆள் குறைந்தது. அடிமை வணிகத்தில் இருந்த ஒரு கம்பெனியின் ஏகபோகம் 1698-இல் உடைந்து கப்பல்கள் பெருகின. ஆனால் 1705 சட்டத் தொகுப்பைப் படித்தால் ஆள்பவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது தெளிவாகத் தெரியும். ஒப்பந்தம் முடிந்த ஆண் வேலையாளுக்குப் பத்துப் புஷல் (ஒரு தானிய அளவு) சோளம், 30 ஷில்லிங், ஒரு துப்பாக்கி கொடுக்க வேண்டும். அடிமைகளிடம் இருக்கும் ஆடு மாடு, குதிரை, பன்றியைப் பிடுங்கி விற்று, பணத்தை ஊர் ஏழைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஒருவனுக்குத் துப்பாக்கி, இன்னொருவனிடமிருந்து அவன் வளர்த்த பன்றி. ஏழை வெள்ளையனையும் அடிமையையும் மறுபடி ஒன்றுசேர விடாமல் தடுக்க இதைவிடத் தெளிவாக ஒரு சட்டம் எழுத முடியாது.

ஊராக வந்து இறங்கிய நியூ இங்கிலாந்து

1620-இல் மேஃப்ளவர் கப்பலில் வந்த 102 பேரில் பாதிப்பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்தார்கள். அவர்கள் பிளிமத் என்று பெயரிட்டுக் குடியேறிய இடம் காலி நிலம் அல்ல. அது பட்டுக்செட் என்ற வாம்பனோக் மக்களின் ஊர். ஐரோப்பியக் கப்பல்கள் கொண்டுவந்த கொள்ளை நோயில் சில வருஷங்களுக்கு முன்னால்தான் ஊரே அழிந்திருந்தது. அவர்களுக்குச் சோளம் நடக் கற்றுக்கொடுத்த டிஸ்குவாண்டம் அந்த ஊர்க்காரர். 1614-இல் ஓர் ஆங்கிலக் கப்பல் தலைவன் அவரைக் கடத்தி ஸ்பெயினில் விற்றான். அங்கிருந்து லண்டன் போய், 1619-இல் எப்படியோ ஊர் திரும்பினார். வந்து பார்த்தால் சொந்தபந்தம் ஒருவரும் இல்லை. திருத்திய வயலும் சுத்தமான ஊற்றும் குடியேறிகளுக்குத் தயாராகக் கிடைத்த கதையின் மறுபக்கம் இந்த மனிதர்.

பெரிய அலை 1630-இல் தொடங்கியது. ஜான் வின்த்ராப் தலைமையில் மாசசூசெட்ஸ் விரிகுடாவுக்கு வந்த பியூரிட்டன்கள் இங்கிலாந்துத் திருச்சபை இன்னும் சுத்தமாக வேண்டும் என்று நினைத்தவர்கள். சுமார் பத்து வருஷத்தில் 20,000 பேர் வந்தார்கள். முக்கியமாக, தங்கள் கம்பெனியின் சாசனப் பத்திரத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். லண்டனில் உட்கார்ந்து லாபக் கணக்குக் கேட்க யாரும் இல்லை.

நிலத்தைப் பிரித்த முறையும் வேறு. தனி ஆளுக்கு ஏக்கர் கணக்கில் கொடுக்காமல், ஒரு குழுவுக்கு ஓர் ஊராக எழுதிக்கொடுத்தார்கள். நடுவில் சபைக்கூடமும் பொது மேய்ச்சலும், சுற்றி வீட்டு மனைகள், அப்பால் வயல். குழு தனக்குள் உட்கார்ந்து பங்கு போட்டது. எல்லோருக்கும் சமப் பங்கில்லை; வசதி, அந்தஸ்து, குடும்பத்தின் அளவு பார்த்துத்தான். ஆனாலும் ஏறத்தாழ எல்லாக் குடும்பத்துக்கும் ஏதோ ஒரு துண்டு நிலம். ஊர் வேலையைப் பேச ஊர்க்கூட்டம். காலனி அளவில் ஓட்டுப்போட மாசசூசெட்ஸில் திருச்சபை உறுப்பினராக இருக்க வேண்டும், ஆணாகவும் இருக்க வேண்டும். இதை இன்றைய ஜனநாயகத்தின் குழந்தைப் பருவம் என்று கொண்டாடுகிறவர்கள் இந்த இரண்டு நிபந்தனைகளையும் மறந்துவிடுகிறார்கள்.

மண் கல்லும் பாறையுமாக இருந்தது; வெயில் காலம் சின்னது. லண்டனுக்கு அனுப்பிப் பணமாக்க ஒரு பயிரும் இல்லை. அதனாலேயே கூட்டம் கூட்டமாகக் கூலியாட்கள் தேவைப்படவில்லை. சொந்தப் பிள்ளைகளே போதும். குளிரான இடம், சுத்தமான தண்ணீர், நோய் குறைவு. முதல் தலைமுறையில் நிறையப் பேர் அறுபது எழுபது வரை வாழ்ந்தார்கள். 20,000 பேர் வந்த இடத்தில் 1700-இல் 90,000 பேர் இருந்தார்கள். மேலே சொன்ன வர்ஜீனியா கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

நீண்ட ஆயுளுக்கும் ஒரு விலை உண்டு. ஆண்டோவர் என்ற ஊரின் பத்திரங்களை ஆராய்ந்தவர்கள் கண்ட ஒரு விஷயம் நமக்கு உடனே புரியும். மகனுக்குக் கல்யாணம் செய்து, தனி வீடு கட்டி, வயலையும் காட்டிவிடுவார்கள். பட்டா மட்டும் அப்பா பெயரிலேயே இருக்கும், அவர் கண்ணை மூடும்வரை. நாற்பது வயது மகனும் அப்பா சொல் கேட்டுத்தான் நடக்க வேண்டும். இங்கிலாந்தில் மூத்தவனுக்கே முழு நிலம் போகும் வழக்கம் இருந்தது; இங்கே மூத்தவனுக்கு இரண்டு பங்கு, மற்றவர்களுக்கு ஒவ்வொரு பங்கு. மூன்றாம் தலைமுறையில் நிலம் துண்டு துண்டாகிப் புது ஊர் தேடிக் கிளம்ப வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடத்தில்தான் இரண்டு சமூகங்களின் வேறுபாடு பளிச்சென்று தெரியும். பைபிளை ஒவ்வொருவரும் தானே படிக்க வேண்டும் என்பது பியூரிட்டன்களின் பிடிவாதம். குடியேறிய ஆறாம் வருஷமே, 1636-இல், ஹார்வர்டு கல்லூரிக்குப் பணம் ஒதுக்கினார்கள். 1647 சட்டம் 50 குடும்பம் உள்ள ஊர் எழுத்துச் சொல்லித்தர ஒரு வாத்தியாரை வைக்க வேண்டும், 100 குடும்பம் இருந்தால் லத்தீன் பள்ளி நடத்த வேண்டும் என்றது. வர்ஜீனியா ஆளுநர் வில்லியம் பெர்க்லி 1671-இல் லண்டனுக்கு எழுதிய அறிக்கையிலோ, இங்கே இலவசப் பள்ளிகளும் அச்சகமும் இல்லாததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். படிப்பு கீழ்ப்படியாமையைக் கொண்டுவரும் என்பது அவர் கவலை.

இங்கே நம் ஊர்க் கதை ஒன்றும் குறுக்கே வருகிறது. 1649-இல் பாஸ்டனில் பிறந்து, சின்ன வயதிலேயே இங்கிலாந்து போய், கம்பெனி வேலையில் சென்னைக்கு வந்து, 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். கனெக்டிகட்டில் ஒரு சின்னக் கல்லூரி பணத்துக்குத் திண்டாடிக்கொண்டிருந்தபோது அவர் ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகங்களும் மன்னரின் ஓவியம் ஒன்றும் அனுப்பினார். சரக்கு 562 பவுண்டுக்கு விலைபோனது. 1718-இல் கல்லூரிக்கு அவர் பெயரை வைத்தார்கள். நியூ இங்கிலாந்தின் கல்விப் பெருமைக்குள் சென்னையில் சேர்த்த காசும் கலந்திருக்கிறது.

சரி, அப்படியானால் நல்லவர்கள் வடக்கே போனார்கள், பேராசைக்காரர்கள் தெற்கே போனார்களா? இந்த முடிவுக்கு வந்துவிடக் கூடாது. மத சுதந்திரம் தேடி வந்தவர்கள் பிறருக்கு அதைக் கொடுக்கவில்லை. மாற்றுக் கருத்துச் சொன்ன ராஜர் வில்லியம்ஸை விரட்டினார்கள். அவர் 1636-இல் பிராவிடன்ஸ் என்ற ஊரை அமைத்தார், அதுதான் ரோட் ஐலண்டின் தொடக்கம். குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவின் நம்பிக்கையை விடாத மேரி டயர் என்ற பெண்ணை 1660-இல் பாஸ்டனில் தூக்கிலிட்டார்கள். 1637-இல் மிஸ்டிக் ஆற்றங்கரையில் பீக்வாட் என்ற பூர்வகுடி மக்களின் ஊரைத் தீவைத்து நூற்றுக்கணக்கானவர்களைக் கொன்றார்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட. 1641-இல் எழுதிய சட்டத் தொகுப்பில் போர்க் கைதிகளையும் விற்கப்பட்டு வந்த அந்நியரையும் அடிமையாக வைத்திருக்க இடம் கொடுத்தார்கள்.

அதே பியூரிட்டன்கள், வேறு மண்

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த சான்று பலரும் கேள்விப்படாத ஒரு சின்னத் தீவு. நிகராகுவா கரைக்கு அப்பால் பிராவிடன்ஸ் தீவு என்று ஒன்று. (மேலே சொன்ன ரோட் ஐலண்டு ஊர் வேறு.) வின்த்ராப் பாஸ்டன் போன அதே 1630-இல் பியூரிட்டன் தலைவர்கள் லண்டனில் இன்னொரு கம்பெனி தொடங்கி, தங்கள் ஆட்களை அங்கேயும் அனுப்பினார்கள். நம்பிக்கை ஒன்று, வேதம் ஒன்று, கிளம்பிய காலமும் ஒன்று.

ஆனால் அங்கே வெப்பமண்டல மண். புகையிலையும் பருத்தியும் விளையும். கம்பெனி லண்டனிலேயே இருந்துகொண்டு லாபம் கேட்டது. நிலம் குடியேறியவர்களுக்குச் சொந்தமில்லை. பாதி விளைச்சல் கம்பெனிக்கு. சில வருஷத்திலேயே அடிமைகளை வாங்க ஆரம்பித்தார்கள். 1638-இல் அடிமைகள் கலகம் செய்தார்கள். 1641-இல் ஸ்பெயின் படை தீவைப் பிடித்தபோது அங்கிருந்தவர்களில் ஏறத்தாழ சரிபாதி அடிமைகள். வேதம் ஒன்றாக இருந்தும், மண்ணும் கணக்கும் மாறியதும் பியூரிட்டன் சமூகம் அடிமைச் சமூகமானது.

இரண்டு பியூரிட்டன் இடங்களையும் இணைத்த கப்பலும் ஒன்று உண்டு. மாசசூசெட்ஸில் கட்டிய அதன் பெயர் டிசையர். பீக்வாட் போரில் பிடித்த கைதிகளைத் தெற்கே கொண்டுபோய் விற்றுவிட்டு, 1638 பிப்ரவரியில் பாஸ்டன் திரும்பியது. என்ன கொண்டுவந்தது என்பதை வின்த்ராப் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்: பருத்தி, புகையிலை, நீக்ரோக்கள். அவற்றை ஏற்றிவந்தது இந்தப் பிராவிடன்ஸ் தீவிலிருந்து.

அதற்குப் பிறகு நியூ இங்கிலாந்தின் வியாபாரமே பெரிதும் கரும்புத் தீவுகளை நம்பித்தான் நடந்தது. பார்படோஸ் 430 சதுர கிலோமீட்டர் தீவு. 1640-களில் கரும்பு வந்த பிறகு அங்கே ஒரு சாண் நிலத்தைக்கூட உணவுப் பயிருக்கு விட மனமில்லை. மரம், மாடு, சோறு எல்லாம் வெளியிலிருந்து வர வேண்டும். நியூ இங்கிலாந்துக் கப்பல்கள் நல்ல கருவாட்டை ஐரோப்பாவுக்கு விற்றுவிட்டு, கழித்துப்போட்ட மீனை அடிமைகளின் உணவாகத் தீவுகளுக்கு அனுப்பின. திரும்பும்போது வெல்லப்பாகு, அதைக் காய்ச்சி ரம். தங்கள் வயலில் அடிமைகள் குறைவாக இருந்த சமூகம், அடிமைகள் நிறைந்த இன்னொரு சமூகத்துக்குச் சோறு போட்டு வளர்ந்தது.

பார்படோஸில் இடம் தீர்ந்ததும் தோட்டக்காரப் பிள்ளைகள் 1670-இல் தொடங்கிய, தென் கரோலினாவின் சார்லஸ் டவுனுக்கு அடிமைகளோடு வந்தார்கள். தென் கரோலினாவின் 1696 அடிமைச் சட்டம் பார்படோஸ் சட்டத்தைப் பார்த்து எழுதியது. பிறகு நெல் வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் நெல் விளைவித்த பகுதிகளிலிருந்து வந்த மக்கள் சதுப்பில் இறங்கி வரப்பு கட்டி நெல் பயிரிட்டார்கள். 1708 வாக்கில் அந்தக் காலனியில் கறுப்பின மக்கள் பெரும்பான்மை. வர்ஜீனியா அரை நூற்றாண்டில் தட்டுத்தடுமாறி அடைந்த இடத்துக்குக் கரோலினா தொடங்கும்போதே வந்துவிட்டது.

பென்சில்வேனியாவை இங்கே சுருக்கமாகச் சொல்கிறேன். 1681-இல் மன்னர் தன் 16,000 பவுண்டு கடனுக்கு ஈடாக வில்லியம் பென் என்ற குவேக்கரிடம் அந்த நிலத்தைக் கொடுத்தார். எல்லா மதத்தாரும் வரலாம் என்றதால் ஜெர்மானியர்கள் குடும்பம் குடும்பமாக வந்தார்கள், கோதுமை விளைந்தது, பிலடெல்பியா வளர்ந்தது. 1688-இல் ஜெர்மன்டவுனில் நாலு பேர் கையெழுத்திட்டு, அடிமை முறை தவறு என்று தங்கள் சபைக்கு எழுதினார்கள். சபை மேல் சபைக்கு அனுப்பியது, அதுவும் தள்ளிவைத்தது. குவேக்கர்கள் அந்த முடிவுக்கு வர ஏறத்தாழ 90 வருஷம் ஆனது.

கடைசியாக வந்த காலனி ஜார்ஜியா, 1733. இதை நடத்திய அறங்காவலர்கள் முன்னவர்களின் அனுபவத்தைப் பார்த்தே திட்டம் போட்டவர்கள். கடனில் நொந்த ஏழைகளுக்கு மறுவாழ்வு, ஆளுக்குச் சிறு நிலம், அடிமை முறைக்குத் தடை. நெல் விளையும் கரோலினாவோ, ஆற்றுக்கு அந்தப் பக்கமே இருந்தது. 1738 டிசம்பரில் சவானாவில் 121 பேர் அடிமைகளை அனுமதிக்கக் கேட்டு மனுக் கொடுத்தார்கள். அடுத்த மாதமே, தெற்கே டேரியன் என்ற ஊரில் குடியேறிய ஸ்காட்லாந்து மலைநாட்டுக்காரர்கள் 18 பேர் எதிர் மனு எழுதினார்கள். மனித இனத்தின் ஒரு பகுதியையும் அவர்கள் சந்ததியையும் நிரந்தர அடிமைகளாக்குவது மனித இயல்புக்கே அதிர்ச்சி தருவது என்றும், ஒருநாள் அது நம்மையே சுற்றிக்கொள்ளும் என்றும் அதில் எழுதியிருந்தார்கள்.

தடை 1751-இல் நீங்கியது. அடுத்த 25 வருஷத்துக்குள் ஜார்ஜியாவின் ஜனத்தொகையில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் அடிமைகள்.